தவணை நாளும் சர்க்கரை அளவும்: பண நெருக்கடியில் உடலைப் பார்த்துக்கொள்ள ஒரு வழிகாட்டி

சர்க்கரை ஏறிவிட்டது என்று மருத்துவரிடம் போனால், என்ன சாப்பிடுகிறீர்கள், நடக்கிறீர்களா, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்பார்கள். வீட்டில் எத்தனை கடன் ஓடுகிறது, போன மாதச் சம்பளம் முழுதாக வந்ததா, கடைசியாக எப்போது நிம்மதியாகத் தூங்கினீர்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்காத காரணத்தால் நோயாளியும் சொல்வதில்லை. சர்க்கரைக்கும் கடனுக்கும் என்ன தொடர்பு என்றே பலர் நினைக்கிறார்கள். தொடர்பு இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றைத் தொகுத்து வளர்சிதை மாற்ற ஆரோக்கியம் என்கிறோம். பண நெருக்கடியும் உறவுச் சிக்கலும் இவற்றை எந்தெந்த வழிகளில் கெடுக்கின்றன என்பதையும், கடன் தீரும்வரை காத்திராமல் இன்றைக்கே எவற்றைச் சரிசெய்யலாம் என்பதையும் இந்தக் கட்டுரை விளக்குகிறது. வாரத் தவணை கட்டும் குடும்பங்கள், தினக்கூலிக்கும் ஒப்பந்த வேலைக்கும் போகிறவர்கள், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான தேசிய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோயும் 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. அதே ஆய்வில் தமிழ்நாட்டின் சர்க்கரை நோய் விகிதம் 14.4 சதவீதம். இது வசதியானவர்களின் நோய் என்ற பழைய எண்ணத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தின் மாத்திரை வரிசையில் ஒரு காலை நேரம் நின்று பார்த்தவர்கள் கைவிட்டுவிடுவார்கள்.

உடலுக்குள் நடப்பது

ஆபத்து என்று மூளை முடிவு செய்தவுடன், சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் முதலில் அட்ரினலினையும் சில நிமிடங்களில் கார்ட்டிசாலையும் சுரக்கின்றன; இரண்டும் மன அழுத்த ஹார்மோன்கள். கல்லீரல் தான் சேமித்து வைத்திருந்த சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. அது போதாதென்று புரதத்திலிருந்து புதிய சர்க்கரையையும் உண்டாக்குகிறது. அதே நேரத்தில் தசைகள் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. ஓடவோ சண்டையிடவோ வேண்டிய அரை மணி நேரத்துக்கு இந்த ஏற்பாடு பொருத்தமானது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் தவணை, மாதம் பிறந்தால் வாடகை, இடையில் பள்ளிக் கட்டணம் என்று கவலை ஓயாதபோது, சுரப்பும் முழுமையாக அடங்குவதில்லை. கார்ட்டிசால் வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பைச் சேர்க்கிறது. அந்தக் கொழுப்பிலிருந்து வடியும் கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போய், இன்சுலினுக்கு எதிர்ப்பையும் டிரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பையும் கூட்டுகின்றன. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளியிருப்பவர்களை நம் ஊரில் நிறையப் பார்க்கிறோம்.

கார்ட்டிசால் சர்க்கரையை ஏற்றும் என்பதை நம்ப ஆய்வகம் தேவையில்லை. இளைப்புக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை எகிறியதை வீட்டில் பலரும் கண்டிருப்பார்கள். அந்த மாத்திரைகள் கார்ட்டிசாலின் செயற்கை உறவினர்கள்தான்.

நீண்டகால ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. லண்டன் அரசு ஊழியர்கள் 10,308 பேரை 1985 முதல் பின்தொடர்ந்த ஒயிட்ஹால் ஆய்வின் 2006-ஆம் ஆண்டு முடிவு, பல ஆண்டுகள் தொடர்ந்து பணி அழுத்தத்தில் இருந்தவர்களுக்கு வளர்சிதை மாற்றக் கோளாறுத் தொகுப்பு (மேலே சொன்ன அளவுகளில் பல ஒன்றாகக் கெடும் நிலை) வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேல் என்று கூறியது. அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் 1990-களில் நடந்த ஒரு சோதனை இதைவிட முக்கியமானது என்பது என் கருத்து. கடும் வறுமைப் பகுதிகளில் வாழ்ந்த குடும்பங்களில் சிலவற்றுக்குக் குலுக்கல் முறையில் வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபெயர வாடகை உதவி தரப்பட்டது. உணவுத் திட்டமோ உடற்பயிற்சி வகுப்போ எதுவும் தரப்படவில்லை. பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தபோது, உதவி பெற்ற பெண்களிடையே கடுமையான உடற்பருமனும் சர்க்கரை நோய் அளவிலான எச்பிஏ1சி-யும் (இரண்டு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) உதவி பெறாதவர்களைவிடக் குறைவாக இருந்தன. சூழல் மாறியதும் ரத்தப் பரிசோதனை முடிவும் மாறியிருக்கிறது. அளவு ஏறியவரைப் பார்த்து உடனே ‘வாயைக் கட்டத் தெரியாதவர்’ என்று சொல்லிவிடும் வழக்கத்தை இனியாவது நாம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு சொன்னபின் ஒரு திருத்தமும் சொல்ல வேண்டியிருக்கிறது. மன அழுத்தம் பற்றிய பேச்சில் இப்போதெல்லாம் எல்லாப் பழியும் கார்ட்டிசால் மீதே விழுகிறது; ‘கார்ட்டிசாலைக் குறைக்கும்’ பொடிகளும் கஷாயங்களும் விற்பனைக்கு வந்துவிட்டன. பண நெருக்கடி செய்யும் சேதத்தின் பெரும்பகுதி இன்னும் சாதாரணமான மூன்று வழிகளில் நடக்கிறது என்றே நான் கருதுகிறேன்: தவறிப்போகும் வேளைச் சாப்பாடு, கெட்டுப்போகும் தூக்கம், பாதியாக்கப்படும் மாத்திரை. நம் கைக்கு எட்டுகிறவையும் இவைதான். ஆகவே பொடிக்குப் பணம் செலவழிக்காமல் இவற்றிலிருந்து தொடங்குவோம்.

கடனையும் சர்க்கரையையும் ஒரே காலண்டரில் எழுதுங்கள்

பால் கணக்கும் சிலிண்டர் வந்த தேதியும் குறித்து வைக்கும் மாதக் காலண்டர் அநேகமாக எல்லா வீட்டுச் சமையலறையிலும் தொங்குகிறது. அதிலேயே எழுதுங்கள், தனி நோட்டுப் போட்டால் ஒரு வாரத்தில் நின்றுவிடும். ஒவ்வொரு தவணை நாளையும் சிவப்பு மையால் வட்டமிட்டுத் தொகையைக் குறியுங்கள். சம்பளம் வரும் நாள், ரேஷன் பொருள் வாங்கும் நாள், மாத்திரை தீரும் நாள் ஆகியவற்றை வேறு மையில் எழுதுங்கள். அன்றன்று மூன்று குறிகள் போதும்: முந்தின இரவு தூங்கிய மணி நேரம், தவறிய வேளைச் சாப்பாடு, தவறிய மாத்திரை. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ பார்த்த நாளில் அந்த எண்ணையும் அதே கட்டத்தில் எழுதிவிடுங்கள்.

இரண்டு மாதம் எழுதினால் போதும், ஓர் ஒழுங்கு கண்ணுக்குப் புலப்படும். எடுத்துக்காட்டாக, மகளிர் குழுக் கடனுக்கு வாரத் தவணை கட்டும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தவணை நாளுக்கு முந்தின இரவு, குறைகிற முந்நூறு ரூபாயை யாரிடம் கேட்பது என்ற யோசனையில் தூக்கம் நான்கு மணி நேரமாகிறது. காலையில் குழுத் தலைவி வீட்டு வாசலில் கூட்டம். அட்டையில் கையெழுத்து வாங்கி, எல்லோருடைய பணமும் எண்ணி முடியும்வரை யாரும் நகர முடியாது. அதனால் காலைச் சாப்பாடு போகிறது; வேலைக்குப் போகும் வழியில் ஒரு டீயும் பன்னும். சாப்பிடாமல் போடக் கூடாது என்பதால் காலை மாத்திரையும் போகிறது. மதியம் பசி தாங்காமல் சோறு இரண்டு பங்கு. மறுநாள் காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை 190 காட்டுகிறது. மருத்துவர் அந்த எண்ணை மட்டும் பார்த்தால் மருந்தின் அளவைக் கூட்டுவார். காலண்டரைப் பார்த்தால், வாரத்தில் ஒரு நாள் மட்டும் நடக்கும் கோளாறு என்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்த ஒரு நாளுக்கான மருந்து முந்தின இரவே எடுத்துவைத்த இரண்டு அவித்த முட்டையாகவோ ஒரு கிண்ணம் சுண்டலாகவோ இருக்கலாம்.

பணத்துக்கும் உடலுக்கும் இப்படி நாள்கணக்கில் தொடர்பு உண்டு என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. கலிபோர்னியாவில் மருத்துவமனைச் சேர்க்கைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டபோது, குறைந்த வருமானமுள்ளவர்கள் சர்க்கரை தாழ்நிலைக்காகச் சேர்க்கப்படுவது மாதத்தின் முதல் வாரத்தைவிடக் கடைசி வாரத்தில் 27 சதவீதம் அதிகமாக இருந்தது. கையில் காசு தீரும்போது சாப்பாடு குறைகிறது. மாத்திரையும் ஊசியும் அதே அளவில் தொடர்கின்றன.

எழுதி வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் நம் ஊரிலிருந்தே கிடைக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், அறுவடைக்கு முன் கையில் பணமில்லாத காலத்தில் சிந்தனைத் திறன் சோதனைகளில் தடுமாறிய அதே விவசாயிகள், கரும்புப் பணம் வந்தபின் தெளிவாகச் செய்தார்கள். பற்றாக்குறை மனத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த நிலையில் இருப்பவரிடம் ‘நினைவு வைத்து மாத்திரை போடுங்கள்’ என்று சொல்வதில் பயனில்லை. நினைவில் வைக்க வேண்டியதைச் சுவரில் எழுதிவிடுவதே வழி. ஏழு அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டி கிடைத்தால் ஞாயிறு தோறும் நிரப்பி வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

எதை, எப்போது அளப்பது

ஒரு சாதாரண அளவு நாடாவே முதல் கருவி. விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். தெற்காசியர்களுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. எல்லை. எடைக் கருவியில் நாள்தோறும் ஏறி இறங்குவதைவிட மாதம் ஒருமுறை இதை அளப்பது பயனுள்ளது.

மற்ற நான்கு அளவுகள்: வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-க்கு மேல், ரத்த அழுத்தம் 130/85-க்கு மேல், டிரைகிளிசரைடு 150-க்கு மேல், நல்ல கொழுப்பான எச்டிஎல் ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழ். இடுப்பளவையும் சேர்த்து இந்த ஐந்தில் மூன்று இருந்தால் கோளாறுத் தொகுப்பு உண்டு என்று கொள்ளப்படுகிறது. எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 முதல் சர்க்கரை நோய். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவதால், ஒரு மோசமான வாரத்தையும் உண்மையான ஏற்றத்தையும் பிரித்தறிய இந்தப் பரிசோதனையே உதவும்.

ரத்த அழுத்தம் பார்க்கும்முன் ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, பேசாமல் உட்கார வேண்டும். தவணைக்காரரோடு வாக்குவாதம் செய்துவிட்டு நேராக வந்து பார்த்தால் எண் நிச்சயமாக ஏறித்தான் இருக்கும். அதைத் தள்ளிவிட வேண்டாம். எழுதிக்கொண்டு வேறு இரண்டு நாட்களிலும் பாருங்கள். அமைதியாக இருந்த நாட்களிலும் 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் டென்ஷன்தான் காரணம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் தனியார் ஆய்வகத்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்பதில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனையும் மாத்திரைகளும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் தெருவுக்கு எந்த நாளில் வருகிறார்கள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக் காலண்டரில் குறித்துவிடுங்கள். வேலைக்குப் போகும் நாளாக இருந்தால் அதைச் சொல்லி மாற்று ஏற்பாடு கேளுங்கள்.

மாத்திரையைப் பாதியாக்காதீர்கள்

காசு குறையும்போது வீட்டில் முதலில் வெட்டுப்படுவது பெரும்பாலும் சர்க்கரை மாத்திரை. காரணம் எளிது: சோறு இல்லையென்றால் இன்றைக்கே வயிறு கேட்கும், மாத்திரை இல்லையென்றால் கேட்பதற்கு ஐந்து வருடம் ஆகும், அப்போது கேட்பது கண்ணோ சிறுநீரகமோ பாதமோ. ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது, மாத்திரையை உடைத்துப் போடுவது, கணவனும் மனைவியும் ஒரே அட்டையைப் பகிர்ந்துகொள்வது, இவையெல்லாம் நடக்கின்றன. இவற்றை மருத்துவரிடம் மறைப்பதுதான் ஆபத்து. முழு மாத்திரை போட்டும் அளவு குறையவில்லை என்று நினைத்து அவர் இன்னொரு மருந்தைச் சேர்ப்பார். பணம் வந்த மாதம் எல்லாவற்றையும் முழுதாகப் போட்டால் சர்க்கரை ஒரேயடியாகத் தாழும்.

‘டாக்டர், இந்த மாத்திரை வாங்க என்னால் முடியவில்லை, குறைந்த விலையில் இதே மருந்து எழுதுங்கள்’ என்று நேராகச் சொல்லலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மருந்தின் மூலப் பெயரை எழுதி வாங்கினால் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். மெட்ஃபார்மின் போன்ற அடிப்படை மருந்துகள் அரசு மருத்துவமனையில் இலவசம்.

வேளை தவறுகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்வது அரிது. கிளிமிப்ரைடு, கிளிபென்கிளமைடு போன்றவற்றையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் தாழும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் மங்கல், காரணமில்லாத எரிச்சல் ஆகியவை அறிகுறிகள். இவற்றைக் கவலையால் வரும் படபடப்பு என்று எண்ணிவிடுவது வழக்கமான தவறு. சந்தேகம் வந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சரியானதும் ஏதாவது சாப்பிடுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். உங்கள் மாத்திரை எந்த வகை, சாப்பிட முடியாத நாளில் அதைப் போடலாமா என்பதை அடுத்த முறை கேட்டுக் காலண்டரின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

கையில் இருக்கும் காசுக்குள் சாப்பாடு

ரேஷனில் அரிசி விலையில்லாமல் வருகிறது. பருப்பும் முட்டையும் காயும் காசு கொடுத்தால்தான் வரும். ஆகவே நெருக்கடியான மாதத்தில் தட்டில் சோறு பெருகுவதும் மற்றவை சுருங்குவதும் யாருடைய மனவலிமைக் குறைவும் அல்ல. கவலையும் தூக்கக் குறைவும் இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் தேட வைக்கும் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ‘அரிசியை விடுங்கள், சிறுதானியத்துக்கு மாறுங்கள்’ என்ற அறிவுரை இங்கே செல்லாது. சிறுதானியம் பல கடைகளில் அரிசியைவிட விலை அதிகம்.

செல்லுபடியாகும் மாற்றம் வாங்கும் வரிசையில் இருக்கிறது. சம்பளம் வந்த அன்றே, தவணைக்கு எடுத்து வைக்கும்முன், மாதம் முழுவதற்குமான புரதத்தை வாங்கிவிடுங்கள்: ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பைத் தவறவிடாமல் எடுப்பது, அதனுடன் கொண்டைக்கடலை, பாசிப்பயறு, கொள்ளு, வேர்க்கடலை. இவை கெடாது, மாதக் கடைசியில் கையில் காசில்லாத வாரத்திலும் ஒரு பிடி ஊறவைத்தால் மறுநாள் சாப்பாடு நிற்கும். கடலோர ஊர்களில் மத்தியும் நெத்திலியும் மலிவாக வரும் நாட்களில் அவையே சிறந்தவை. முருங்கைக்கீரையைப் பல தெருக்களில் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

தட்டில் முதலில் பயறையோ கீரையையோ சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போனால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. இதற்குக் கூடுதல் செலவில்லை. டீக்கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு டீயில் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்றால் ஐந்து டீயில் ஏறக்குறைய 40 முதல் 50 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு ஏற்றதாகச் சொல்லும் 25 கிராமைப் போல இரு மடங்கு. டீயை விடச் சொல்லவில்லை, அது பலருக்கு வேலைக்கு நடுவில் கிடைக்கும் ஒரே ஓய்வு. கடைக்காரரிடம் ‘சர்க்கரை கம்மி’ என்று ஒரு வாரம் சொன்னால் பிறகு அவரே நினைவு வைத்துக்கொள்வார்.

பெண்கள் விஷயத்தில் ஒன்று சொல்லாமல் விட முடியாது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் வழக்கத்தில், மிஞ்சுவது சோறும் ரசமும்தான். முட்டையும் குழம்பில் இருந்த மீனும் மிஞ்சுவதில்லை. சர்க்கரை நோய் உள்ள பெண்ணின் பங்கைச் சமைத்தவுடன் ஒரு கிண்ணத்தில் தனியே எடுத்து மூடி வைப்பதை வீட்டில் மற்றவர்கள் பொறுப்பாக்கிக்கொள்ள வேண்டும். அதை அவரே செய்வார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

தூக்கமும் நடையும்

ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்க விட்டு 1999-இல் சிகாகோவில் நடந்த ஆய்வில், உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் தெளிவாகக் குறைந்தது. மாலையில் கார்ட்டிசாலும் உயர்ந்தது. ஆறே இரவுகளில் இவ்வளவு என்றால், மாதக்கணக்கில் விழித்துக் கிடப்பவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

கடன் பேச்சைப் படுக்கைக்குக் கொண்டுபோகாமல் இருக்க ஒரு நேரம் ஒதுக்குங்கள். வாரத்தில் ஒரு மாலை, சாப்பாட்டுக்கு முன், வீட்டில் சம்பாதிப்பவர்கள் எல்லோரும் உட்கார்ந்து அரை மணி நேரம் கணக்குப் பேசி எழுதி வையுங்கள். மற்ற இரவுகளில் அந்தப் பேச்சு எழுந்தால் ‘ஞாயிற்றுக்கிழமை பேசலாம்’ என்று நிறுத்தலாம். பஞ்சாலையிலோ பனியன் கம்பெனியிலோ இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள் பகலில் தூங்கும் அறையின் ஜன்னலைக் கனத்த துணியால் மறைப்பதும், நள்ளிரவில் பரோட்டாவைத் தவிர்த்து வீட்டிலிருந்து கொண்டுபோன சாப்பாட்டை உண்பதும் உதவும். நடையைப் பொறுத்தவரை, சாப்பிட்டதும் பத்து நிமிடம் தெருவில் நடந்தாலே சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறையும். பூங்காவும் விலையுயர்ந்த காலணியும் வேண்டாம்.

கடனையும் ஒரு நோயாகவே கவனியுங்கள்

யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எத்தனை தவணை மிச்சம் என்று எல்லாக் கடன்களையும் ஒரே தாளில் எழுதுங்கள். பல வீடுகளில் கணவனுக்குத் தெரியாத கடன் மனைவியிடமும், மனைவிக்குத் தெரியாதது கணவனிடமும் இருக்கும். அந்த ரகசியமே இரவுத் தூக்கத்தைத் தின்கிறது. ஒரு கடனை அடைக்க இன்னொரு குழுவில் கடன் எடுக்கும் பழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும். மூன்று குழுக்களில் கடன் இருந்தால் வாரத்தில் மூன்று தவணை நாள், உடலுக்கு மூன்று மோசமான நாள்.

சட்டம் உங்களுக்குச் சில பாதுகாப்புகளைத் தந்திருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு குடும்பம் எல்லாக் கடன்களுக்குமாகக் கட்டும் மாதத் தவணை அந்தக் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி நுண்கடன் தரக் கூடாது. நுண்கடன் வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது. மிரட்டுவதும், உறவினர்களிடமும் உடன் வேலை செய்பவர்களிடமும் போய்த் தொல்லை கொடுப்பதும் கூடாது. இரவு எட்டு மணிக்கு வாசலில் வந்து உட்காரும் வசூல்காரரிடம் இதைச் சொல்லலாம். முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம், அதற்கான உதவி எண் 14448. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச்சட்டம் இருக்கிறது. வலுக்கட்டாய வசூலைத் தண்டனைக்குரியதாக்கும் மசோதாவையும் 2025 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றியது. இந்தச் சட்டங்கள் கடனைத் தள்ளுபடி செய்யமாட்டா. ஆனால் மாலை ஆறு மணிக்குப் பின் தொலைபேசி ஒலிக்காத ஒரு வீட்டில் அழுத்தமும் தூக்கமும் எப்படி மாறுகின்றன என்பதைக் காலண்டரிலேயே நீங்கள் பார்க்கலாம்.

சொல்லிக்கொள்ள ஓர் ஆள்

பணமில்லாமையைவிட அது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம் சிலரை அதிகம் வாட்டுகிறது. மொய் வைக்க முடியாததால் கல்யாணத்துக்குப் போவதை நிறுத்துகிறார்கள். சீர் செய்ய முடியாததால் அக்கா வீட்டுக்குப் போவதை நிறுத்துகிறார்கள். கடைசியில் வீட்டில் டிவியும் கைபேசியும்தான் மிஞ்சுகின்றன. விலகி இருப்பதே உடலுக்கு இன்னொரு அழுத்தம். எல்லோரிடமும் சொல்ல வேண்டாம். ஒரே ஒருவரிடம், உடன் பிறந்தவரோ பழைய தோழியோ, தொகை உட்பட முழுதாகச் சொல்லிவிடுங்கள்.

மனப்பயிற்சியால் சர்க்கரை குறையுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு நேர்மையான பதில் உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 2002-இல் வெளியான சோதனையில், தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்துவது உள்ளிட்ட ஐந்து எளிய அமர்வுகளில் கலந்துகொண்டவர்களுக்கு ஓராண்டு முடிவில் எச்பிஏ1சி சுமார் 0.5 குறைந்தது. மருந்துக்குப் பதிலாக அமையும் அளவு அல்ல. ஆனால் ஒதுக்கித் தள்ளும் அளவும் அல்ல. படுக்கையில் கால்விரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு தசையையும் ஐந்து வினாடி இறுக்கி மெதுவாக விட்டபடி முகம்வரை வருவதற்குப் பத்து நிமிடம் ஆகும்.

எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனாலோ, வாழ வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம்; மாநில அரசின் 104 எண்ணும் உண்டு. அந்த நாட்களில் இன்சுலினையும் மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் வேறொருவர் பொறுப்பில் விட்டுவிடுவது அவசியம்.

இவற்றை மூன்று மாதம் கடைப்பிடித்தபின் எச்பிஏ1சி-யை மறுபடி பாருங்கள். போகும்போது காலண்டரின் மூன்று தாள்களையும் கையோடு எடுத்துச் சென்று மருத்துவர் மேசையில் விரியுங்கள். வேளையும் மாத்திரையும் தவறாத மாதத்திலும் அளவு இறங்கவில்லை என்றால் மருந்தை மாற்ற வேண்டியிருக்கும், தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். சர்க்கரை தொடர்ந்து 300-க்கு மேல் இருந்து வாந்தியோ மூச்சிரைப்போ வந்தாலும், நெஞ்சு இறுகி வியர்த்தாலும், வாய் கோணினாலும், பாதத்தில் ஆறாத புண் இருந்தாலும் மூன்று மாதம் என்ற கணக்குப் பொருந்தாது. முதல் மூன்றுக்கு உடனே 108, புண்ணுக்கு நாளைக் காலையே அரசு மருத்துவமனை.